வேன் ஒரு பக்கம் இழுக்கிறதா? ராமநாதபுரம் கடற்கரை வேன்காரர்கள் அடிக்கடி கேட்கும் ஸ்டீயரிங், பிரேக் கேள்விகள்

பன்னிரண்டு முதல் இருபது சீட் வரை உள்ள டெம்போ ட்ராவலர் மாதிரியான வேன்களைப் பற்றியது இது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், பிரேக் மிதியை லேசாக்கும் வாக்குவம் பூஸ்டர், பவர் ஸ்டீயரிங், டீசல் எஞ்சின். மீன் ஏற்றுகிற மூடிய வேனுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். ஏர் பிரேக் உள்ள பஸ், லாரிக்கு இது பொருந்தாது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஓடுகிற வேன் பழசானால் பாகம் தேய்ந்து ஆடும். மண்டபத்திலும் ஏர்வாடியிலும் ஓடுகிற வேனில் தேய்மானத்துக்கு முன்பே உப்பு ஏறி, துருப்பிடித்து, இறுகிவிடும். வெளியூர் மெக்கானிக் ஆட்டத்தைத் தேடுவார். நாம் இறுக்கத்தை முதலில் தேட வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றியே வரும்.

வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. அலைன்மெண்ட் பார்த்தால் போதுமா?

போதாது. எப்போது இழுக்கிறது என்பதைப் பொறுத்தது. சும்மா ஓடும்போதே இழுக்கிறதா, பிரேக் மிதித்தால் மட்டுமா, காலையில் நன்றாக ஓடிவிட்டு இருபது கிலோமீட்டர் தாண்டியதும் இழுக்கிறதா? மூன்றும் மூன்று வேறு வியாதி.

எப்போதும் இழுத்தால் டயர் காற்றில் தொடங்குங்கள். சீமைக்கருவேல முள் குத்தி மெதுவாகக் காற்று இறங்கும் டயர் நம் பக்கம் சர்வ சாதாரணம். பார்வைக்குத் தெரியாது, கேஜ் வைத்தால்தான் தெரியும். காற்று சரியென்றால் முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுக்கும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான், அலைன்மெண்ட் கடைக்குப் போக வேண்டியதில்லை. மாறாமல் இருந்தால்தான் காம்பர், காஸ்டர் என்கிற சாய்வுக் கோணங்களை அலைன்மெண்ட் கடையில் பார்க்க வேண்டும். டோ (முன் வீல்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் அளவு) மட்டும் தப்பாக இருந்தால் டயரைத் தின்னுமே தவிர, வண்டியைப் பெரிதாக ஒரு பக்கம் இழுக்காது.

இன்னொன்று, மழைத் தண்ணீர் வடிய ரோட்டை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் போட்டிருப்பார்கள். இடது ஓரமாகப் போகும் வண்டி லேசாக இடதுபக்கம் சாய்வது இயல்பு. ஆள் இல்லாத நேரம் பார்த்து ரோட்டின் நடுவில் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இருபது கிலோமீட்டர் தாண்டி இழுக்க ஆரம்பித்தால் ஒரு வீலில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

பாம்பன் பாலத்தில் மட்டும் இழுக்கிறதே?

அது காற்று. 1988-இல் திறந்த இந்த ரோட்டுப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், மறைப்பு எதுவும் கிடையாது. பக்கத்து ரயில் பாலத்தில் காற்று அளவுக்கு மேல் போனால் ரயிலுக்கே சிக்னல் கிடைக்காது, உயரமான வேன் எம்மாத்திரம். ஆனால் ஒரு குறிப்பு: காற்றடித்தால் எல்லா வேனும் நகரும், ஆட்டம் உள்ள வேன்தான் அலையும். ஒருமுறை திருப்பிச் சரிசெய்தால் நேராகிவிடுகிறதா, இல்லை இடமும் வலமுமாக ஸ்டீயரிங்கைத் துடுப்புப் போட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கிறதா? இரண்டாவது என்றால் பாலத்தைத் திட்டாதீர்கள்.

பிரேக் போட்டால் மட்டும் வலது பக்கம் இழுக்கிறது. வலது வீலைப் பிரிக்கட்டுமா அண்ணே?

முதலில் இடதைப் பிரி தம்பி. எந்தப் பக்கம் பிரேக் நன்றாகப் பிடிக்கிறதோ அந்தப் பக்கம்தான் வண்டி திரும்பும். வலது இழுக்கிறது என்றால் பெரும்பாலும் வலது ஒழுங்காக வேலை செய்கிறது, இடது தூங்குகிறது.

பிரித்ததும் பேடை எடுத்துப் பார்க்க வேண்டும். உள்பக்கப் பேட் தேய்ந்து வெளிப்பக்கப் பேட் புதுசாக இருந்தால் கேலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகரும் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது. இரண்டு பேடுமே மற்ற பக்கத்தை விடக் கனமாக இருந்தால் பிஸ்டனே வெளியே வரவில்லை, அல்லது ஹோஸுக்குள் அடைப்பு. நம் ஊரில் பத்துக்கு ஏழு எட்டு முறை ஸ்லைடு பின்தான். ரப்பர் பூட் கிழிந்திருக்கும், உள்ளே உப்பும் மணலும் சேர்ந்து பழுப்பு நிறப் பசையாக இருக்கும். சுத்தம் செய்து, பூட்டை மாற்றி, பிரேக்குக்கு என்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் வைக்க வேண்டும். கையில் இருக்கிற சேஸ் கிரீஸை வைத்தால் ரப்பர் ஊதி, பின் மறுபடியும் இறுகும்.

இடது சரியாக இருந்தால் அப்புறம் வலதைப் பாருங்கள். பேடில் ஆயிலோ கிரீஸோ பட்டிருந்தாலும் வண்டி இழுக்கும். கீழ் ஆர்ம் புஷ் தேய்ந்திருந்தால் பிரேக் போடும்போது வீலே பின்னால் நகர்ந்து இழுக்கும். இதற்குக் கேலிப்பரை எத்தனை முறை மாற்றினாலும் தீராது.

கொஞ்ச தூரம் ஓடியதும் ஒரு வீல் சூடாகி லைனர் வாடை வருகிறது. கேலிப்பரா, ஹோஸா?

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். ஆடி அமாவாசைக் கூட்டம், வண்டி நிறையப் பயணிகள். உச்சிப்புளி தாண்டும்போதே லேசாக வாடை. பாலம் ஏறி இறங்கி, தங்கச்சிமடத்தில் ஓரம்கட்டி இடது முன் வீலில் பாட்டில் தண்ணீரைத் தெளித்தேன். தோசைக்கல்லில் விழுந்த மாதிரி சுர்ரென்று ஆவியாகப் போனது. வலது வீலில் அதே தண்ணீர் சும்மா வழிந்தது. அன்றைக்குப் பயணிகளை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஒரு பட்டறையில் கேலிப்பரை மாற்றினேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது. மறுபடியும் அதே வாடை. பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். மறுபடியும். கடைசியில் பார்த்தால் சின்ன ரப்பர் ஹோஸ்! வெளியே ஒரு வெடிப்பு கூட இல்லை. உள்ளே ரப்பர் ஊதி வழி குறுகிப்போய், மிதிக்கும்போது போகிற ஆயில் காலை எடுத்த பிறகு திரும்பி வராமல் நின்றிருக்கிறது. ஹோஸைப் பிடிக்கும் இரும்புக் கிளிப் துருப்பிடித்துப் பருத்து அதை நெரித்தாலும் இதே கோளாறு வரும். நம் பக்கம் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பத்து நிமிஷத்தில் கண்டுபிடிக்கிற வழி இது. வண்டி சூடாகி வீல் இறுகியிருக்கும்போதே சமதரையில் நிறுத்தி, மற்ற வீல்களுக்குக் கல் வைத்து, ஜாக்கி போட்டு, ஸ்டாண்டும் வையுங்கள். வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள், சுற்றாது. இப்போது கேலிப்பரில் காற்றை வெளியேற்ற இருக்கும் ஏர் நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். ஆயில் பீய்ச்சும், கண்ணை விலக்கிக்கொள்ளுங்கள். திறந்தும் வீல் சுற்றவில்லையா, கேலிப்பர் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது. திறந்ததும் சுற்றினால் ஆயில் அழுத்தம் உள்ளே மாட்டியிருந்தது என்று அர்த்தம். எங்கே மாட்டியது என்று அறிய, நிப்பிளை மூடி, பிரேக்கை மிதித்து மறுபடி இறுக வைத்து, இம்முறை ஹோஸுக்கு முன்னால், இரும்புப் பைப் சேரும் நட்டைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தி வீல் விட்டால் கோளாறு மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். அங்கே தளர்த்தியும் விடாமல், நிப்பிளைத் திறந்தால் மட்டும் விட்டால் ஹோஸ்தான். வேலை முடிந்ததும் ஏர் எடுக்க, அதாவது பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற, மறக்காதீர்கள்.

எனக்கு இது தெரிந்திருந்தால் ஒரு கேலிப்பர், ஒரு மாஸ்டர் சிலிண்டர் காசு மிஞ்சியிருக்கும்.

பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது / மெதுவாக இறங்குகிறது / கல் மாதிரி இருக்கிறது. எது எதனால்?

பஞ்சு மாதிரி இருந்து, இரண்டு மூன்று முறை அடித்தால் மேலே வந்தால் உள்ளே காற்று. பஞ்சாக இல்லாமல், முதல் மிதியில் தாழ்வாகவும் இரண்டாவது மிதியில் உயரமாகவும் இருந்தால் பின் லைனர் அட்ஜஸ்ட்மெண்ட் தளர்ந்திருக்கிறது. துருப்பிடித்த ஆட்டோ அட்ஜஸ்டர் தானாக இறுகாது. முன் வீல் பேரிங் ஆடினாலும் டிஸ்க் பேடைத் தள்ளிவிட்டு இதே அறிகுறியைக் காட்டும்.

சிக்னலில் மிதித்துக்கொண்டு நிற்கும்போது பெடல் லிஃப்ட் மாதிரி மெதுவாகக் கீழே போகிறது, ஆனால் பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் குறையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர் உள் சீல் போய்விட்டது. இதில் தள்ளிப்போட எதுவும் இல்லை, அன்றைக்கே மாற்ற வேண்டும்.

கல் மாதிரி இருந்தால் பூஸ்டர் பக்கம். எஞ்சினை அணைத்து நாலைந்து முறை பெடலை அடித்து வாக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக உள்ளே போனால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது. அசையவே இல்லையென்றால் பூஸ்டரை வாங்குவதற்கு முன் வாக்குவம் ஹோஸ், செக் வால்வு, வாக்குவம் பம்ப் மூன்றையும் பாருங்கள். டீசல் வண்டிக்கு வாக்குவத்துக்குத் தனிப் பம்ப் உண்டு. சில வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரோடு சேர்ந்து ஓடும். அந்த வண்டியில் பெல்ட் அறுந்தால் சார்ஜ் விளக்கு எரியும், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடலும் கட்டையாகும். சார்ஜ் விளக்குதானே என்று ஓட்டிக்கொண்டே போகக் கூடாது.

டப்பாவில் ஆயில் குறைகிறது, எங்கேயும் ஒழுகல் தெரியவில்லையே?

பேட் தேயத் தேய ஆயில் மட்டம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதற்கு மேல் இறங்கினால் மூன்று மறைவிடம் உண்டு. பின் வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை விரலால் லேசாக நெம்பிப் பாருங்கள், உள்ளே ஆயில் தேங்கியிருக்கலாம். மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் வழியாகப் பூஸ்டருக்குள் போகலாம். மூன்றாவது, சேஸ் ஓரமாகப் போகும் இரும்புப் பிரேக் பைப். இதுதான் நம் கடற்கரையின் பெரிய எதிரி.

பைப் வெளியே தெரிகிற இடத்தில் ஓட்டையாகாது. அதைச் சேஸோடு பிடிக்கும் கிளாம்புக்கு அடியில்தான் உப்பு ஈரம் தங்கி அரிக்கும். மீன் வேன் என்றால் ஐஸ் உருகி வடிகிற உப்புத் தண்ணீர் நேராகப் பின் ஆக்ஸில் பைப்பில் சொட்டும். வருஷத்துக்கு ஒரு முறை கிளாம்புகளைக் கழற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்க்க வேண்டும். தேய்த்தால் செதில் செதிலாக உதிர்கிற பைப்பை மாற்றுங்கள். பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள்.

பைப் ஓட்டையானால் அந்த வீலை மட்டும் அடைத்துவிட்டு வீடு வரை ஓட்டலாமா?

கூடாது. பைப்பைச் சுத்தியலால் தட்டி மடக்கி ஓட்டிய கதையைப் பெருமையாகச் சொல்லும் ஆட்கள் உண்டு. பிரேக் ஆயில் இரண்டு தனி வழியாகப் போகும் இரட்டைச் சர்க்யூட் இருப்பதால் கொஞ்சம் பிரேக் மிஞ்சும் என்பது உண்மை. அது வண்டியை ஓரம்கட்டுவதற்கு, வீடு வரை ஓட்டுவதற்கு அல்ல.

ஊரில் பிரேக் நன்றாக இருந்தது. கொடைக்கானல் இறக்கத்தில் பெடல் தரையைத் தொட்டுவிட்டது. ஏன்?

நம் மாவட்டத்தில் மேடு என்றால் பாம்பன் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான். அதனால் நம் பிரேக் பரீட்சையே எழுதாமல் பாஸாகிக்கொண்டிருக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண்) ஆயில் கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வேண்டும், ஈரம் ஏறினால் 140 போதும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறிய பின் 155. இறக்கத்தில் விடாமல் மிதித்தால் கேலிப்பரில் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் நேராகத் தரைக்குப் போகும். ஆறிய பிறகு மறுபடி நன்றாக இருக்கும், அதனால்தான் மெக்கானிக்கிடம் காட்டும்போது கோளாறே தெரியாது. பெடல் கட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அது வேறு: பேடும் லைனரும் சூடேறி வழுக்குகின்றன.

வறண்ட ஊர்க்காரர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் நாம் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. சபரிமலை சீசனுக்கு முன்னால் மாற்றிவிடுவது என் வழக்கம். டப்பாவில் எழுதியிருக்கும் டாட் எண்ணையே ஊற்றுங்கள். தவறிப்போய் எஞ்சின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றினால் எல்லா ரப்பரும் ஊதி, முழு சிஸ்டமும் செலவு வைக்கும்.

எழுபதில் ஸ்டீயரிங் நடுங்குகிறது. பேலன்சிங் செய்தும் போகவில்லை.

தனுஷ்கோடி போய் வந்தீர்களா? ஈர மணல் ரிம்மின் உள்பக்கம் ஒரே இடத்தில் அப்பிக் காய்ந்துவிடும். அதோடு பேலன்சிங் செய்தால் மணலுக்கும் சேர்த்து ஈயம் அடிப்பார்கள். நாலு நாளில் மணல் உதிர்ந்ததும் நடுக்கம் ஆரம்பிக்கும். ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவிவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

பிரேக் போடும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க் அல்லது டிரம். ஸ்டீயரிங் நடுங்கினால் முன் டிஸ்க், சீட் அதிர்ந்தால் பின் டிரம் என்பது முதல் ஊகம். ஹேண்ட் பிரேக் பின் லைனரைப் பிடிக்கிற வண்டியாக இருந்தால், காலி ரோட்டில் மெதுவாக ஓடும்போது அதை மட்டும் லேசாக இழுத்துப் பாருங்கள். அப்போதும் அதிர்ந்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. கடற்கரையில் ஒரு வாரம் நின்ற வண்டியில் பேட் ஒட்டியிருந்த இடம் தவிர மற்ற இடமெல்லாம் டிஸ்க் துருப்பிடித்து, முதல் நாள் டொக் டொக் என்று அதிரும். ஓடினால் சரியாகிவிடும். ஒரு வாரம் ஓடியும் போகாவிட்டால் டிஸ்க் கனத்தை அளந்து, அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள்.

பள்ளத்தில் விழுந்த பிறகு முன்பக்கம் முழுக்கக் குலுங்கி, வண்டி நிற்கும் வரை அடங்காவிட்டால் அது பேலன்சிங்கே அல்ல. டை ராட் (முன் வீல் இரண்டையும் இணைக்கும் கம்பி), கிங் பின் (முன் வீல் திரும்பும் அச்சு ஆணி), ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும், அதுவரை ஓட்ட வேண்டாம்.

ஸ்டீயரிங் ரொம்பக் கனமாகிவிட்டது. பவர் பம்ப் போய்விட்டதா?

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கனம், கூடவே முனகல் சத்தம் என்றால் ஆயில் மட்டம், பெல்ட், பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். ஆயில் நுரைத்திருந்தால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது.

ஆனால் பம்பைக் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. முன் வீல் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, ஸ்டீயரிங் பாக்ஸை வீலோடு இணைக்கும் டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு வீல்களைக் கையால் திருப்புங்கள். வீலே கனமாகத் திரும்பினால் கிங் பின் இறுகியிருக்கிறது. வளைவில் திருப்பிய பிறகு ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராததும் இதன் அடையாளம். கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும்போது முன் ஆக்ஸிலைத் தூக்கிவிட்டு அடியுங்கள். எடை கீழே அழுத்திக்கொண்டிருந்தால் கிரீஸ் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. பழைய கறுப்புக் கிரீஸ் முழுக்க வெளியே வந்து புதுசு எட்டிப்பார்க்கும் வரை அடிக்க வேண்டும்.

ஒரு சுற்றில் கனம், லேசு, கனம், லேசு என்று மாறி மாறி வருகிறதா? ஸ்டீயரிங் ராடில் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்திருக்கிறது. சின்னப் பாகம். இதைப் பார்க்காமல் பம்ப் மாற்றியவர்கள் நிறைய.

ஸ்டீயரிங்கில் பிளே (வீல் திரும்பாமல் சும்மா ஆடும் ஆட்டம்) எவ்வளவு இருக்கலாம்? எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

ஸ்டீயரிங் வளையத்தில் ஒரு விரல் கனம் சும்மா நகர்ந்தால் நான் கவலைப்பட மாட்டேன். மூன்று விரல் என்றால் அன்றைக்குச் சவாரி இல்லை.

வண்டியைத் தரையிலேயே நிறுத்தி, எஞ்சின் ஓட, ஒருவர் ஸ்டீயரிங்கை இடம் வலமாகச் சின்னதாக ஆட்டட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, வீலுக்குக் கல் வைத்துவிட்டு, நீங்கள் பக்கவாட்டிலிருந்து ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் விரலை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் தாமதமாக நகரும் இடம்தான் பிளே. கண்ணைவிட விரலுக்குச் சீக்கிரம் தெரியும். அப்புறம் வீலைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், உதவிக்கு இருப்பவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயின்ட். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட் எண்டுகள்.

அரிச்சல்முனை ரோட்டில் தினமும் ஓட்டுகிறேன். என்ன செய்ய வேண்டும்?

2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு வந்த பிறகு வண்டியைக் கடல் தண்ணீரில் விட்டு ஓட்டுகிற வேலை போய்விட்டது. ஆனால் சாரலும் பறக்கும் மணலும் அப்படியேதான் இருக்கின்றன. வாரம் ஒருமுறையாவது அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ராமேஸ்வரத்தில் எல்லாப் போர்த் தண்ணீரும் நல்ல தண்ணீர் இல்லை, வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அடியுங்கள். கழுவியதும் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்டி உலர்த்திவிட்டு நிறுத்துங்கள்.

நாலு நாள் நிற்கப்போகிற வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டு, கல் வையுங்கள். இல்லாவிட்டால் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

பின் ஆக்ஸிலிலிருந்து சேஸில் உள்ள வால்வுக்குப் போகும் ஒரு கம்பி உண்டு. லோடுக்கு ஏற்றபடி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைப்பது அதுதான். அது துருப்பிடித்து நின்றுவிட்டால், காலி வண்டியில் பின் வீல் பூட்டி வால் சுற்றும், அல்லது ஆள் ஏறிய வண்டி நிற்கத் தாமதமாகும். கையால் அசைத்துப் பாருங்கள், அசைய வேண்டும்.

வண்டி நிற்கப் போகும் கடைசி நொடியில் பெடல் கடகடவென்று உதைக்கிறது.

ஏபிஎஸ் (பிரேக் போடும்போது வீல் பூட்டாமல் காக்கும் சிஸ்டம்) உள்ள வண்டிதானே? வீலில் உள்ள சென்சார் அல்லது பல் வளையம் துருப்பிடித்திருக்கும். சுத்தம் செய்து பாருங்கள், சென்சாரை வாங்குவது அதற்குப் பிறகு.

நான் டிரைவர்தான். ஓனர் அண்ணாச்சி ‘ஓட்டு, பார்க்கலாம்’ என்கிறார். என்ன சொல்வது?

‘பிரேக் சரியில்லை அண்ணாச்சி’ என்று சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். எப்போது, எந்த வேகத்தில், எத்தனை ஆள், எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். ‘பதினாலு பேரோடு அறுபதில் மிதித்தால் வலது இழுக்கிறது, காலியாக இருந்தால் இழுக்கவில்லை. தேவிபட்டினம் போய் வந்ததும் இடது முன் வீலில் தண்ணீர் தெளித்தேன், ஆவியாகவில்லை’ என்று ட்ரிப் ஷீட்டின் பின்னால் தேதியோடு எழுதிக் கொடுங்கள். மெக்கானிக்கிடமும் அதே தாளைக் காட்டுங்கள், அவருக்குப் பாதி வேலை மிச்சம். பெடல் தரையைத் தொட்டாலோ, ஸ்டீயரிங் மூன்று விரல் ஆடினாலோ தாள் எல்லாம் வேண்டாம், சாவியை அண்ணாச்சி கையில் கொடுத்துவிடுங்கள்.